இந்து சமுத்திரமும் பொது ஏடும்

ஆனி, ஆடி மாதங்களிற் சோழகம் வீசுங்கால், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு செலுத்துவோன் கடலின் குணத்தை முகத்திற் படும் காற்றாலேயே அறிவான். ஆயினும் அக்காற்றின் பிறப்பிடமோ பூமத்தியரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் உள்ளது. அதனை அவனாலும் அறிய இயலாது. ஒரு தேசத்து விஞ்ஞானிகள் தனித்து முயன்றும் அறிய இயலாது. பல தேசத்தார் எடுத்த அளவுகள் ஒரே ஏட்டிற் சேர்தல் வேண்டும்.

இந்நெறி 1957–58 இல் நிகழ்ந்த சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டில் உருப்பெற்றது. அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்து நின்ற காலம் அது. எனினும் இரு நாடுகளிலும், வேறு சில தேசங்களிலும் உலகத் தரவு நிலையங்கள் நிறுவப்பட்டன. பிரதியெடுக்கும் செலவை மட்டுங் கொடுத்து எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் அளவுகளைப் பெறலாம் என்பது விதி. அரசியலார் செய்யாததை விஞ்ஞானிகள் செய்தனர் என்றே கொள்ளலாம்.

அதனையடுத்து 1959 முதல் 1965 வரை சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நடைபெற்றது. பல கொடிகளைத் தாங்கிய கப்பல்கள் கடலின் மிதப்புயிர்களைச் சேகரித்தன. இங்கே ஓர் இடர் எழுந்தது. வலைக்கண் மாறினாற் பிடிபடுவதும் மாறும் என்பதை நம் தீவகத்துச் சம்மாட்டிமாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே 1 சதுர மீற்றர் வாயும் 0.33 மில்லிமீற்றர்க் கண்ணும் உடைய நியம வலையொன்று வகுக்கப்பட்டது. அதனை 200 மீற்றர் ஆழத்திலிருந்து நேரே மேலிழுத்தனர். சேகரித்தவை கொச்சியிலிருந்த இந்து சமுத்திர உயிரியல் நிலையத்திலே தரம் பிரிக்கப்பட்டன. அளவுகோல் ஒன்றாகாவிடிற் பகிர்ந்த எண்களாற் பயன் சிறிதே. கடலின் வெப்பம், உவர்ப்பு முதலியவற்றை விர்ட்கி என்பார் தொகுத்த படத்தொகுதி 1971 இல் வெளிவந்தது.

இன்று ஆர்கோ எனும் மிதவைகள் அப்பணியைத் தொடர்கின்றன. அவை பத்து நாட்களுக்கொருமுறை 2000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து தம் அளவுகளைச் செய்மதிக்கு அனுப்புகின்றன. ஒரு நாளைக்குள் அவை எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பாடசாலை மாணவனும் அவற்றைப் பெறலாம்.

ஆனால் நம் வாசலிலுள்ள கடலை அம்மிதவைகள் அளக்கா. பாக்கு நீரிணை ஆழமற்றது. ஆழ்கடற் கருவிக்கு அங்கே இடமில்லை. 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வகுத்த எல்லைக்கோடும் இக்கடலினூடே செல்கின்றது. மீன்கள் அக்கோட்டை அறியா. இழுவை வலைகளால் மீன்வளம் எவ்வளவு குன்றியது என்பதை ஒரு கரையின் கணக்கு மட்டும் கூறாது. இராமேசுவரத்தாரும் தீவகத்தாரும் ஒரே முறையில் எடை, இனம், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, இரு திறத்தாரும் பார்க்கக்கூடிய ஏட்டில் வைத்தாலன்றி, பேச்சுவார்த்தை மேசையில் ஒவ்வொருவரும் தத்தம் எண்ணையே நீட்டிக்கொண்டிருப்பர்.