ஹெட்போன் வாங்கும் முன் தறிச் சத்தத்தைக் கேளுங்கள்

ஆடியோஃபைல் ஹெட்போன் என்றதும் பலரும் சொல்லும் பெயர் சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது. ஓபன் பேக் வகை: பின்பக்கம் மூடி கிடையாது, வலைதான். அதனால பாட்டு விசாலமாகக் கேட்கும். அதே வழியில் வெளிச்சத்தமும் உள்ளே வந்துடும். பள்ளிபாளையம், குமாரபாளையம், கொண்டலாம்பட்டி மாதிரி விசைத்தறி ஓடும் ஊர்களில், அல்லது ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில், தம்புராவின் இழை அதில் மூழ்கிடும். ஈடுகட்ட வால்யூமை ஏத்துவோம், கெடுவது காது. இங்கே சோனி எம்டிஆர் 7506 போன்ற மூடிய வகைதான் சரி. தறிச் சத்தம் முழுசா நிக்காது, ஆனா குறையும்.

அடுத்தது இம்பீடன்ஸ். எச்டி 600-க்கு 300 ஓம். பல போன்களில் நேராகச் செருகினால் சத்தம் பத்தாது. ஆம்ப் தனிச் செலவு. 7506-க்கு 63 ஓம், போனே போதும்.

மூன்றாவது, நீங்க கேட்கும் பாட்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) காலத்துப் பாடல்கள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. எந்த ஹெட்போனிலும் பாட்டு தலைக்கு நடுவில்தான் நிற்கும். 'சவுண்ட் ஸ்டேஜு'க்காகத் தரும் கூடுதல் பணம் வீண். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போன்ற ஸ்டீரியோ பதிவுகளில்தான் அதற்கு வேலை.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக் கேளுங்க. கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோணும். கடையில் நாம் ஏமாறும் இடம் அதுதான்.