இல்லத்தில் நகை மலர இரு படங்கள்

குடும்பத்தார் அனைவரும் வீட்டில் ஒருங்கே அமர்ந்து பார்க்கத்தக்க நகைச்சுவைப் படம் எது? ஒருவரின் கரிய நிறத்தையோ பருத்த உடலையோ இகழ்ந்து சிரிப்பூட்டும் படத்தை நாம் வேண்டோம். அத்தகைய தோற்றமுடைய பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கலாம். ஏனையோர் சிரிக்க, அப்பிள்ளை மட்டும் தலைகுனிந்திருக்கும்.

1964இல் ஸ்ரீதர் நெறிப்படுத்திய 'காதலிக்க நேரமில்லை' என்னும் வர்ணப் படத்தை முதலிற் குறிப்பிடுவோம். படமெடுக்கும் ஆசை கொண்ட மகன் நாகேஷ், தந்தை பாலையாவுக்குத் திகிற்கதை சொல்லும் காட்சி அதிலுண்டு. சொல்பவரைக் காட்டிலும், கேட்டு நடுங்குபவரின் முகமே நம்மை மிகுதியும் சிரிக்கவைக்கிறது. அங்கே நகைப்புக்கு இலக்காவது மனிதருக்குப் பொதுவான அச்சமே.

அடுத்தது, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941இல் வெளிவந்த 'சபாபதி'. எசமானாக டி. ஆர். ராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்துள்ளனர். இருவருக்கும் பெயர் ஒன்றே. பேதைமையும் ஏறக்குறைய ஒன்றே! ஆகவே, ஏழையின் அறியாமையைக் கண்டு சிரிக்கப் புகுவோர் செல்வரின் அறியாமையையும் கண்டே தீரவேண்டும். படிப்பேறாத அச்செல்வருக்குத் துணைநின்று கற்பிப்பவள் அவர்தம் மனைவியே.

பாட்டியையும் பிள்ளைகளையும் அருகிருத்தி இவ்விரண்டையும் கண்டு களியுங்கள். எவர் மனமும் நோகாது.