கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோர் கொண்டுவரும் காகிதங்களில் சில சமயம் ‘ஆய்வில் பங்கேற்க ஒப்புதல்’ என்றொரு படிவமும் இருக்கிறது. இது எதற்கு என்று கேட்டால், “டாக்டர் போடச் சொன்னார், போட்டோம்” என்கிறார்கள். ஆகவே இதுபற்றிச் சில விவரங்களைத் தருகிறோம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் வாங்கும் கையெழுத்து, நமக்குச் செய்யப்போகும் சிகிச்சைக்கான சம்மதம். ஆய்வுக்கு வாங்கும் கையெழுத்து, ஒரு மருந்தோ சிகிச்சையோ பயன் தருமா என்று நம்மை வைத்துக் கண்டறிவதற்கான சம்மதம். அதனால் நமக்கே பலன் கிடைக்கும் என்று உறுதியில்லை.

கேட்காமல் நம்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு சாட்சி. 1932ல் அலபாமா மாநிலத்தில் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே இதைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், அந்நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்தார்கள். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். நோயின் பெயரைச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். இலவசப் பரிசோதனை, சாப்பாடு, இறந்தால் அடக்கச் செலவு என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததைக்கூட ‘சிறப்புச் சிகிச்சை’ என்றார்கள். 1940களின் பிற்பகுதியில் இந்நோய்க்குப் பென்சிலின் நல்ல மருந்தென்று தெரிந்த பின்பும் அவர்களுக்கு அதைத் தரவில்லை. 1972ல் பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்த பிறகே ஆய்வு நின்றது. 1997ல் அதிபர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதர் மீது ஆய்வு செய்ய அவரது சுய சம்மதம் கட்டாயம் என்று நூரம்பர்க் நெறிமுறை 1947லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் 25 ஆண்டுகள் டஸ்கீகி ஆய்வு நடந்தது. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, கேட்பதற்கு ஆளும் வேண்டும்.

நம் நாட்டில் புதிய மருந்துகளை மனிதரிடம் சோதிப்பதற்கு 2019ல் விதிகள் வந்துள்ளன. அவற்றின்படி:

1. ஆய்வின் நோக்கம், அபாயம், வேறு சிகிச்சை உண்டா என்பதையெல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

2. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும்.

3. தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

4. மறுக்கலாம், பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

5. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

6. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஏழு பேருக்குக் குறையாத அக்குழுவில் ஒரு பெண், ஒரு சட்ட அறிஞர், பொதுமக்களில் ஒருவர் இருப்பது கட்டாயம். சமூகவியலாளர், மார்க்க அறிஞர் போன்றோருக்கும் அதில் இடம் உண்டு.

இதைப் படித்துவிட்டு ஆய்வு என்றாலே ஓட வேண்டாம். 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் நம் ஊர் ஏழை நோயாளிகள் பங்கேற்றார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதைப் போலவே குணமாகும் என்பதை அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது. அறிந்து, விரும்பி ஒருவர் பங்கேற்றால் அதுவும் பிறருக்குச் செய்யும் உதவியே.

எனவே படிவத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் கலந்து பேசுங்கள். யோசிக்க அவகாசம் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. புரியாவிட்டால் கையெழுத்துப் போடும் முன் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம்.

— செயலாளர்