காயத்தை மூடும் பசை

ஊசியும் நூலுமின்றி வெட்டுக்காயத்தை மூடலாம் என்றால் நம் முன்னோர் நகைத்திருப்பர். இன்றோ பசையொன்று அத்தொழிலைச் செய்கின்றது.

1942 ஆம் ஆண்டில், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்திக்குத் தேடிய அமெரிக்க இரசாயன அறிஞர் ஹாரி கூவர், சயனோஅக்கிரிலேற்று என்னும் பொருளைத் தொட்டதிலெல்லாம் ஒட்டுகின்றதென்று ஒதுக்கிவிட்டார். அக்குறையே அதன் குணம் என்பது 1951 இலேதான் அவருக்குப் புலனாயிற்று.

இப்பசை உலர்ந்து இறுகுவதன்று. ஈரம் பட்டே இறுகுகின்றது. ஈரமுள்ள உடலுக்கு இதனினும் இசைந்தது வேறெது? வியட்நாம் போரில், குருதி பெருகிய காயங்கள்மீது இதனைத் தெளித்து, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லும்வரை வீரர் சிலரின் உயிரைக் காத்தனர்.

ஆயினும் தொடக்கத்துப் பசை இறுகுகையில் வெப்பம் உண்டாகும். விரைவிற் சிதைந்து தசையையும் உறுத்தும். கடையில் விற்கும் பசையைக் காயத்தில் இடலாகாது என்பது இதனாலேயாம். மூலக்கூற்றின் பக்கச் சங்கிலியை நீட்டியபோது அத்தீங்கு தணிந்தது. அவ்வாறமைந்த ஒக்டைல் வகையை 1998 இல் ஐக்கிய அமெரிக்க அரசு அனுமதித்தது.

காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மேற்றோலில் மட்டுமே வைத்தியர் இதனைப் பூசுவர். உள்ளே வழிந்தால் விளிம்புகள் கூடா. சீழ்கொண்ட புண்ணுக்கு இது ஆகாது. ஓயாது அசையும் மூட்டுக்குத் தையலே நன்று. ஏனைய சிறு காயங்களில், ஐந்து முதல் பத்து நாளுக்குள் பசை தானே உரிந்து விழும். நூல் பிரிக்கும் நோவுக்கு அஞ்சிக் குழந்தை அழவேண்டியதில்லை.