ஜியோஜாங்கோ வரைபடப் புலம்

ஜியோஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ எனும் கட்டற்ற வலைச்செயலிச் சட்டகத்தின் புவியியல் பகுதி ஆகும். 2008இல் வெளியான ஜாங்கோ 1.0 பதிப்பு முதல் இது அதனுடன் சேர்ந்தே வருகிறது. தரவு மாதிரியில் இடத்தைக் குறிக்கும் பாயிண்ட்ஃபீல்டு என்ற புலத்தைச் சேர்த்து, அம்மாதிரியை ஜிஐஎஸ்மாடல்அட்மின் வகுப்பின் வழியாகப் பதிவு செய்தால், நிருவாகப் படிவத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் தோன்றும். அதில் சொடுக்கிய இடமே தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். இவ்வகுப்பு 2021இல் 4.0 பதிப்பில் அறிமுகமானது. இதற்கு முன்பிருந்த ஓஎஸ்எம்ஜியோஅட்மின் 2023இல் 5.0 பதிப்பில் நீக்கப்பட்டது. போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற, புவியியல் தரவுகளை ஏற்கும் தரவுத்தளம் இதற்குத் தேவை.

வரைபடம் அழகுக்காக மட்டும் அன்று. பாடநூல்களில் அட்சரேகையே முதலில் எழுதப்படும். ஜியோஜாங்கோவின் புள்ளியிலோ தீர்க்கரேகையே முதலில் வரவேண்டும். எடுத்துக்காட்டாக, கெய்ரோ நகரம் வடக்கு 30.04, கிழக்கு 31.24 பாகைகளில் உள்ளது. இவ்விரு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் புள்ளி 170 கி.மீ.க்கும் அப்பால், அலெக்சாந்திரியாவை ஒட்டி விழும். பிழைச்செய்தி எதுவும் வராது. எகிப்துக்குள்ளேயே இருப்பதால் தவறு எளிதில் புலப்படவும் செய்யாது. வரைபடத்தில் சொடுக்கும்போது எண்களின் வரிசையைப் படிவமே கவனித்துக்கொள்ளும். கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்படும் தரவுகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவற்றுள் சிலவற்றையேனும் நிருவாகப் படிவத்தில் திறந்து, வரைபடத்தில் சரிபார்த்தல் நலம்.