சங்கீதம் கேட்ட குற்றம்

வாலிபன் ஒருவன் வாரமெல்லாம் தொழிற்சாலையில் உழைக்கிறான். சனிக்கிழமை பிற்பகல் வந்ததும், தனக்குப் பிடித்த வாத்தியக் குழுவின் கச்சேரி எங்கே நடக்கிறதென்று விசாரித்துக்கொண்டு புறப்படுகிறான். இரவு முழுதும் கேட்டுவிட்டு ஞாயிறு காலை கண் எரிய வீடு திரும்புகிறான். இதில் ராஜாங்கத்திற்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லையென்று புத்தியுள்ள எந்தச் சர்க்காரும் சொல்லும். ஆனால் 1968-க்குப் பின் செக்கோஸ்லோவேக்கியாவை ஆண்டவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாலிபனுக்குப் பின்னால் போலீஸாரையும், போலீஸாருக்குப் பின்னால் நாய்களையும், நாய்களுக்குப் பின்னால் சர்க்கார் வக்கீலையும் அனுப்பினார்கள். இச்சரித்திரத்தை அறிந்தவர்களும், அதை ஹாவெல் என்னும் நாடகாசிரியரின் பெருமையில் ஓர் அத்தியாயமாகவே அறிந்திருக்கிறார்கள். அதை ரசிகனின் பக்கத்திலிருந்து பார்ப்பது அரசியல் ஊழியர்களுக்கு அதிகப் பயன் தருமென்பது நமது அபிப்பிராயம்.

1968-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி நள்ளிரவில் ருஷ்யாவின் டாங்கிகளும், வார்ஸா ஒப்பந்தத்தில் சேர்ந்த வேறு சில தேசங்களின் சேனைகளும் எல்லையைக் கடந்து உள்ளே புகுந்தன. தூப்செக்கின் தலைமையில் ஜனங்கள் சில மாத காலம் அனுபவித்த பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் அத்துடன் அஸ்தமிக்கத் தொடங்கின. அதே வருஷத்தின் இலையுதிர் காலத்தில், பிராக் நகரத்தில் மிலான் ஹ்லாவ்ஸா என்ற 17 வயதுப் பையன் சிநேகிதர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாத்தியக் குழுவை ஆரம்பித்தான். அமெரிக்க சங்கீதக்காரர் பிராங்க் ஸாப்பாவின் பாட்டொன்றிலிருந்து பெயரை எடுத்து, ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆப் தி யூனிவர்ஸ்’ என்று குழுவுக்குச் சூட்டினார்கள். நியூயார்க்கிலிருந்த ‘வெல்வெட் அண்டர்கிரவுண்டு’ என்ற குழுவின் மீது அவர்களுக்குத் தீராத மோகம். டாங்கிகளை எதிர்ப்பதற்காக அவர்கள் கிதாரை எடுத்தார்கள் என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. அது சரியன்று. அவர்கள் வாசிக்க ஆசைப்பட்டார்கள்; வாசித்தார்கள். அரசியல் என்பது வெளியிலிருந்து வந்து அவர்கள் கதவைத் தட்டிற்று.

இவர்களுடைய ரசிகனின் நித்திய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். சங்கீதம் அவனுக்குக் கடையில் கிடைக்கவில்லை. இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிகள் சர்க்காருடையவை. அவற்றில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். ஆகையால் இரவில் ரேடியோ லக்ஸம்பர்க் போன்ற அந்நிய நிலையங்களை, அலைகளின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒருவன் எப்படியோ வெளிநாட்டுத் தட்டொன்றைப் பெற்றுவிட்டால், அது டேப்பில் பிரதியாகி, பிரதிக்குப் பிரதியாகி, ஐம்பது வீடுகளுக்குப் போயிற்று. ஐம்பதாவது வீட்டில் சங்கீதத்தைக் காட்டிலும் இரைச்சலே அதிகம் கேட்டிருக்கும். அதனால் ரசிகனின் பக்தி குறையவில்லை. நகரத்தின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஞாயிறு காலை தட்டுகளைப் பண்டமாற்றுச் செய்யும் சந்தைகள் கூடும். அங்கே ஒரு மேல்நாட்டுத் தட்டின் விலை தொழிலாளியின் பல நாள் கூலி. போலீஸார் வந்தால் சந்தை கலையும். அடுத்த வாரம் வேறிடத்தில் கூடும்.

தலைமயிரை நீள வளர்த்தவர்களின் கஷ்டம் தனி. அவர்களை வீதியில் நிறுத்தி அடையாளச் சீட்டைக் கேட்பது போலீஸாருக்குத் தினசரிப் பழக்கம். அச்சீட்டில் வேலை கொடுத்திருப்பவரின் முத்திரை இருந்தாகவேண்டும்; இல்லையேல் ‘பிறர் உழைப்பில் வாழ்பவன்’ என்ற குற்றத்துக்குச் சட்டம் தயாராயிருந்தது. இக்காரணத்தால் படித்த வாலிபர்கள் பலர் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலையிலும், இரவுக் காவல் வேலையிலும் போய் அமர்ந்தார்கள். முத்திரையும் கிடைத்தது, கேட்கவும் படிக்கவும் நேரமும் கிடைத்தது.

சங்கீதக்காரரின் நிலைமை இதைவிட விசித்திரம். கூலி பெற்று வாசிப்பவன் சர்க்காரிடம் லைசென்ஸ் பெறவேண்டும். 1970-ல் பிளாஸ்டிக் குழுவின் லைசென்ஸ் பறிபோயிற்று. அதனுடன் சர்க்கார் ஏஜென்ஸி கொடுத்திருந்த வாத்தியங்களும் போயின. 1973, 1974-ல் தேசமெங்கும் வாத்தியக்காரர்களுக்கு மறுபரீட்சை வைத்தார்கள். அதில் சுருதியும் தாளமும் தெரிந்தால் போதாது. மார்க்ஸ், லெனின் சித்தாந்தத்திலும் கேள்விகள் உண்டு! பிளாஸ்டிக் குழுவினர் அந்த மார்க்கத்தை விட்டு விலகினார்கள். குழுவில் இருந்த மெக்கானிக் ஒருவர் பழைய ரேடியோப் பெட்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டினார். குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஈவான் யிரௌஸ் என்ற கலைச்சரித்திர பண்டிதர். சித்திரக்காரர் சங்கத்தில் அங்கத்தினரான அவருக்கு மண்டபம் எடுத்துப் பிரசங்கம் செய்யும் உரிமை இருந்தது. ஆகவே, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலைப் பற்றிப் பிரசங்கம் என்று அறிவிப்பார். சில நிமிஷம் படங்களைக் காட்டிப் பேசுவார். பிறகு, வார்ஹோல் ஆதரித்த வாத்தியக் குழுவின் சங்கீதத்துக்கு உதாரணம் காட்டுவதாகச் சொல்லி உட்காருவார். உதாரணம் இரண்டு மணி நேரம் நடக்கும்.

நாளடைவில் இந்தத் தந்திரமும் பலிக்காமற் போகவே, கச்சேரி கிராமங்களுக்குப் போயிற்று. வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. கல்யாணம் ஒன்றே அனுமதியின்றிக் கூடுவதற்கு ஏற்ற சாக்காயிருந்தது. 1974 செப்டம்பரில் போஸ்துபிட்ஸே என்ற ஊரில் ஒரு கல்யாணம். 1976 பிப்ரவரி 21-ல் பொயானோவிட்ஸேயில் யிரௌஸின் கல்யாணம். செய்தி வாய்மொழியாகவே பரவிற்று. இன்ன ரெயில், இன்ன ஸ்டேஷன் என்பது மட்டும் தெரியும். அங்கு இறங்கினால், வழி தெரிந்த ஒருவன் முன்னே செல்ல, மற்றவர் காட்டையும் வயலையும் பனியையும் கடந்து நடப்பார்கள். கடைசியில் ஒரு பண்ணைவீடோ களஞ்சியமோ தென்படும். ஒரு கச்சேரி கேட்பதற்கு இவ்வளவு நடந்தவனைக் காசு கொடுத்து நாற்காலியில் சாய்ந்து கேட்பவனோடு ஒப்பிடலாகாது.

நடந்தும் கேட்க முடியாமற் போனதுமுண்டு. 1974 மார்ச்சு 30-ந் தேதி தெற்கே செஸ்கே புத்யேயோவிட்ஸே நகரத்தை அடுத்த ருடோல்போவில் ஒரு கச்சேரி ஏற்பாடாயிருந்தது. பிராக்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான வாலிபரும் யுவதிகளும் ரெயிலேறி வந்தார்கள். பிளாஸ்டிக் குழுவினர் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே போலீஸார் நாய்களுடன் வந்து கூட்டத்தைக் கலைத்தனர். கலைத்ததோடு விட்டார்களா? ரசிகர்களை ரெயில்வே ஸ்டேஷனுக்கு ஓட்டிச் சென்று, தண்டவாளத்தின் கீழே செல்லும் சுரங்கப் பாதையில் இரு புறமும் தடியுடன் நின்று அடித்து, ரெயிலில் ஏற்றிப் பிராக்குக்கு அனுப்பினார்கள். சிலர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். பலர் பள்ளிக்கூடங்களிலிருந்து நீக்கப்பட்டனர். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இருபது வயதைச் சுற்றியிருந்தவர்கள். அன்று வரை அவர்களுக்கு அரசியல் அபிப்பிராயம் என்று ஒன்று இருந்ததோ இல்லையோ. அந்தச் சுரங்கப் பாதையின் மறு முனையில் வெளிவந்தபோது நிச்சயமாக இருந்தது.

இங்கே நமது நேயர் ஒருவர் குறுக்கிட்டு, “நீண்ட தலைமயிரும் காது கிழியும் சத்தமும் தானே? இதற்காகவா தேசபக்தர்கள் கவலைப்படவேண்டும்?” என்று கேட்கலாம். இச்சங்கீதத்தின் ஒலிப்பதிவை நாம் கேட்டதுண்டு. கரடுமுரடான தாளம், ஸாக்ஸபோனின் ஓலம், சில சாகித்தியங்களில் பெரியோர் முன்னிலையில் உச்சரிக்கத் தகாத வார்த்தைகள். இனிமையென்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு சங்கீதம் நமக்கு ருசிக்கவில்லை என்பது, அதைக் கேட்பவனைச் சிறைக்கு அனுப்ப எவ்விதத்திலும் காரணமாகாது. நமக்குப் பிடித்த பாட்டுக்கு உரிமை கேட்பதில் தைரியம் எதுவும் இல்லை. சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்குப் பிடிக்காத பாட்டில்தான் தெரியும்.

1976 மார்ச்சு 17-ந் தேதி போலீஸார் பெரிய வலையை வீசினார்கள். வாத்தியக்காரரும் அவர்களுடைய சிநேகிதர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். இன்னும் எத்தனையோ பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் கூண்டில் ஏறியவர்கள் வாத்தியக்காரர்களே அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. பில்ஸென் நகரத்தில் அவ்வருஷம் ஜூலையில் தண்டிக்கப்பட்ட மூன்று வாலிபர்கள், அருகிலுள்ள ஊரொன்றில் பிரசங்கமும் பாட்டும் கலந்த கூட்டத்திற்கு ஏற்பாடு செய்தவர்கள், அதாவது ரசிகர்கள். செப்டம்பர் 21 முதல் 23 வரை பிராக்கில் இரண்டாவது வழக்கு நடந்தது. யிரௌஸுக்கு 18 மாதம், ‘டி.ஜி. 307’ என்ற குழுவின் ஸாயீசெக்குக்கு 12 மாதம், ஸாக்ஸபோன் வாசிக்கும் பிராபெனெட்ஸுக்கும், கிதாருடன் பக்திப் பாடல் பாடிய பாதிரியார் கராஸெக்குக்கும் தலைக்கு எட்டு மாதம் சிறை விதித்தார்கள்.

குற்றத்தின் பெயர் போக்கிரித்தனம். கிரிமினல் சட்டத்தின் 202-ஆவது பிரிவு. வக்கீல் தொழில் செய்தவன் எவனும் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்பான். போக்கிரித்தனமென்றால் யாருடைய அமைதியாவது பங்கப்பட்டிருக்க வேண்டும். அழைப்பின் பேரில் வந்து, பனியில் நடந்து, ஊருக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் கூடியவர்களால் யாருடைய அமைதி பங்கப்பட்டது? கேட்க வந்தவன் பிராது கொடுக்கவில்லை. கேளாதவனுக்கோ அது காதில் விழவேயில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரஜா உரிமைகளையும் அரசியல் உரிமைகளையும் பற்றிய சர்வதேச உடன்படிக்கை செக்கோஸ்லோவேக்கியாவில் அமலுக்கு வந்தது 1976 மார்ச்சு 23-ந் தேதி; கைது நடந்து ஆறே நாளில்! அவ்வுடன்படிக்கையின் 19-ஆவது ஷரத்து, கருத்துக்களை வெளியிடுவதைப் போலவே அவற்றைத் தேடுவதையும் பெறுவதையும் உரிமையாகச் சொல்லி, கலையின் வடிவத்தையும் அதில் சேர்க்கிறது. சொல்லுகிறவனுக்கு மட்டுமன்றிக் கேட்கிறவனுக்கும் உரிமை உண்டென்பது இதன் தாத்பரியம். இதை ஏற்றுக் கையெழுத்திட்ட சர்க்கார், தனது கெஜட்டில் 120-ஆம் இலக்கமாக அக்டோபர் 13-ந் தேதி பிரசுரித்தபோது, யிரௌஸ் முதலானோருக்கு விதித்த தண்டனைக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

வழக்கு மன்றத்தின் நடைக்கூடத்தில் அன்று கூடியவர்கள் வினோதமான கலவையாயிருந்தார்கள். நீண்ட தலைமயிர் ரசிகர்களுக்குப் பக்கத்தில், மாஜி மந்திரிகளின் சகாக்களும் எழுத்தாளர்களும் நின்றார்கள். ஹாவெல் அந்த வருஷந்தான் யிரௌஸை முதன்முதலாகச் சந்தித்து, டேப்பில் அச்சங்கீதத்தைக் கேட்டிருந்தார். தத்துவ பண்டிதர் யான் பாதோச்கா எழுபதை நெருங்கியவர். ஹுஸ்ஸேர்ல் என்ற ஜெர்மன் தத்துவாசிரியரிடம் பயின்றவர். இந்த வாலிபர்களின் சத்தத்தில் அவருக்கு ருசி இருந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர்களுக்காக வாதாட முன்வந்தார். அரசியல்வாதிகள் சிறைப்பட்டபோது, அதிகாரத்துக்காக நடக்கும் சண்டை என்று ஒதுங்கியிருந்த ஜனங்கள், பாட்டுக் கேட்டவர்கள் சிறைப்பட்டபோது அப்படி ஒதுங்க வழியில்லாமற் போயிற்று. இக்கூட்டத்தின் பழக்கத்திலிருந்தே 1977 ஜனவரியில் ‘77-ஆம் வருஷச் சாஸனம்’ என்ற பிரகடனம் பிறந்தது. இருநூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் முதலில் கையெழுத்திட்டனர். பாதோச்கா அதன் முதல் பிரதிநிதிகளில் ஒருவர். போலீஸாரின் நீண்ட விசாரணைகளுக்குப் பின் நோயுற்று, அவ்வருஷம் மார்ச்சு 13-ந் தேதி காலமானார்.

இதனால் ரசிகர்கள் எல்லோரும் வீரர்களாகிவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் எதிலும் கையெழுத்திடவில்லை. முத்திரையுள்ள சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். புகழ்பெற்ற பாடகர்களும் நடிகர்களும் சர்க்கார் கூட்டிய கூட்டங்களில் சாஸனத்தைக் கண்டித்தார்கள். டெலிவிஷன் தொடரொன்றில் இத்தகைய வாத்தியக் குழுவை ஆகாய விமானம் கடத்தும் கொலைகாரர்களாகக் காட்டினார்கள். குழுவுக்குச் செய்யுள் கொடுத்த எகான் பாண்டி என்ற கவிஞரே ரகசியப் போலீஸாருக்குத் தகவல் கொடுத்து வந்தார் என்பது பிற்காலத்தில் தஸ்தாவேஜுகளிலிருந்து வெளியாயிற்று. களஞ்சியத்துக்கு நடந்து சென்ற வாலிபனுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். கராஸெக் 1980-லும் பிராபெனெட்ஸ் 1982-லும் தேசத்தைவிட்டுப் போக நேர்ந்தது. யிரௌஸ் மொத்தம் எட்டரை வருஷம் சிறையிலிருந்தார்.

1989 நவம்பர் 17-ல் தொடங்கிய கிளர்ச்சியில் அந்தச் சர்க்கார் சில வாரங்களில் சரிந்தது. டிசம்பர் 29-ல் ஹாவெல் ஜனாதிபதியானார். மறு மாதமே பிராங்க் ஸாப்பா பிராக்குக்கு வந்தார்; விமான நிலையத்தில் அவரை வரவேற்கக் கூடியவர்களில், அவருடைய பாட்டைப் பிரதிக்குப் பிரதியான டேப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் அநேகர். 1998 செப்டம்பரில் ஹாவெல் வாஷிங்டன் சென்றிருந்தபோது, அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகையில் லூ ரீட் பாடினார். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் அந்த லூ ரீடுடன் சேர்ந்து வாசித்தவர் மிலான் ஹ்லாவ்ஸா. 2001 ஜனவரியில், ஐம்பது வயது நிறையும் முன்பே, ஹ்லாவ்ஸா காலமானார்.