அப்பா புல்லட்டுக்கு சீல் விழுந்தது! பிரேக் விழுமா?

ராயபுரத்து மெக்கானிக் கடையில் ஒரு பாடம்

திருப்பூர்:

ராயபுரம் பனியன் கம்பெனி சந்துக்குள் காலை பத்து மணிக்கு ஒரு "டப்... டப்... டப்" சத்தம். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1980களில் வாங்கிய 350 சி.சி. புல்லட் ஒன்று வந்து நின்றது. டேங்கில் பளபளப்பான புது பெயிண்ட், புது நம்பர் பிளேட். ஓட்டி வந்த வாலிபர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். வண்டி அப்பாவுடையது. அப்பா காலமாகி வண்டி மகன் பெயருக்கு மாறிவிட்டது. ஆர்.சி. காலம் முடிகிற நேரம். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிவிட்டு வருகிறார். ஆய்வாளர் பார்த்தார், சரி என்றார். இன்னும் 5 வருஷத்துக்குக் கவலை இல்லை.

"இனி 5 வருஷத்துக்கு இதை யாரும் கேக்க முடியாதுங்ணா!" என்றார் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக்குக் கையில் கிரீஸ், வாயில் வெற்றிலை. அவர் ஒன்றும் பேசவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். நேராக வந்ததும் 'டக்' என்று ஓர் இடத்தில் நின்றது.

"கோன் செட் போச்சு தம்பி. நாப்பதுல போகும்போது வண்டி தானா ஒரு பக்கம் இழுக்குமே?"

"ஆமாங்ணா, லேசா இழுக்கும். ரோடு சரியில்லைன்னு நெனச்சேன்."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

டயரில் ஒரு ஜாதகம்

அடுத்து டயர். பட்டன் எல்லாம் ஆழமாக, புதுசு போலத்தான் இருந்தது. மெக்கானிக் பக்கச் சுவரைத் துணியால் துடைத்தார். சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1611.

என்ன அது? டயரின் பிறந்த தேதி! முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் வருஷம். அதாவது 2011-ம் வருஷம் 16-வது வாரத்தில் செய்த டயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டி. அதனால் பட்டன் தேயவில்லை. ஆனால் ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் முடி போல வெடிப்பு தெரிகிறது. மழை ஈரத்தில் இந்த டயர் ரோட்டைப் பிடிக்காது.

பின் பிரேக் டிரம்மில் வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? பெடலை அழுத்தும்போது அந்தக் கையும் பிரேக் கம்பியும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். இந்த வண்டியில் அது முன்னால் சாய்ந்து கிடந்தது. லைனர் தேயத் தேய, நட்டைத் திருகித் திருகி ஓட்டியிருக்கிறார்கள். காலுக்கு பிரேக் இருப்பது போலத் தோன்றும். சக்கரத்துக்குப் பாதி பலம்தான் போய்ச் சேரும்.

"அப்போ ஆபீஸ்ல எப்படிங்ணா பாஸாச்சு?"

"அவரு மேல தப்பு சொல்லாதே கண்ணு. அங்கே மெல்லமா ஓட்டிப் பிரேக் போட்டுக் காட்டினே, நின்னுச்சு. டிரம்மைக் கழட்டிப் பாக்கிற வேலை அவருக்கு இல்லை. அது என் வேலை, உன் வேலை!"

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பிறகு படிவம் 25-ல் மனுக்கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். காலம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே மனுப் போடலாம்.

கட்டணம் ஏறிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் தனி. பசுமை வரி வேறு.

லாரி, பஸ், டாக்சி போன்ற வாடகை வண்டிகள் அடிக்கடி எப்.சி.க்குப் போகின்றன. சொந்த டூவீலரோ முதல் 15 வருஷம் அதிகாரி கண்ணில் படாமலே ஓடலாம்! பிறகும் 5 வருஷத்துக்கு ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று ஜனங்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பது என்ன? சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா, லைட், ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட், டயர், பிரேக் இருக்கின்றனவா, இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்பதைத்தான். திருட்டு வண்டியைப் பிடிக்க இது நல்ல சோதனை. டிரம்முக்குள் இருக்கும் லைனரை இதில் பார்க்க முடியாது.

புகைச் சோதனையும் அப்படித்தான். 2000 மார்ச் 31-க்கு முன் செய்த டூவீலர் என்றால், ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை விடலாம். அந்தச் சீட்டு புகைக்கு மட்டுமே ஜாமீன். பிரேக்குக்கு அல்ல.

பையர் வரும் நாள்

செக்கிங் மாஸ்டருக்கு இதைப் புரிய வைக்க மெக்கானிக்குக் கஷ்டமே இல்லை.

"உங்க கம்பெனிக்கு பையர் ஆளு இன்ஸ்பெக்ஷன் வர்றானே, எல்லாப் பீஸையும் பாக்கிறானா?"

"இல்லீங்ணா. பெட்டியில சிலதை எடுத்துப் பாப்பான்."

"அவன் பாஸ் பண்ணிட்டான்னு நீங்க டேபிள்ல செக்கிங்கை நிறுத்திடுவீங்களா?"

வாலிபருக்குப் பதில் இல்லை. பவர் டேபிளில் தையல் விட்டால், செக்கிங்கில் பிடிக்க வேண்டும். பையர் கண்ணில் படவில்லை என்பதற்காக ஓட்டைப் பனியன் நல்ல பனியன் ஆகிவிடாது. இது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

வெளிநாட்டில் எப்படி?

ஜப்பானில் 250 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்ட வேண்டும். பிரிட்டனில் தலைகீழ்! பெரிய அளவில் மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய பழைய வண்டிகளுக்கு வருடாந்தர சோதனையில் இருந்து 2018 மே 20 முதல் விலக்கு. ஆனால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு சொந்தக்காரர் தலையில்.

நம் நாட்டிலும் 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர். கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். ஆனால் அதில் தினசரி வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். காதர்பேட்டைக்கு பண்டல் ஏற்றிப்போக உதவாது!

யார் தலையில் விழும்?

சீல் இருக்கிறதே என்று சட்டமும் விடாது. கவனித்துப் பார்த்தால் தெரியக்கூடிய ஆபத்தான கோளாறோடு வண்டி ஓட்டினால், 190-வது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்து நடந்து ஆள் காயப்பட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதற்காக ஆர்.சி.யைப் புதுப்பிக்காமலும் இருக்கக்கூடாது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி விபத்தில் சிக்கியபோது, வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடையாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தாளும் வேண்டும், வண்டியும் சரியாக இருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் சோதனை

பழைய புல்லட், எஸ்டி, ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக் சொல்லும் யோசனைகள்:

* டயர் பக்கச் சுவரில் நான்கு எண்ணைப் படியுங்கள். பட்டனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

* சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தை இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்கும்.

* ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால் தட்டுங்கள். ஒரே சத்தம் வர வேண்டும். 'தொப்' என்று கேட்டால் லூஸ்.

* பெட்ரோல் டியூபை வளைத்துப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஈரம் கசிந்தால் உடனே மாற்றுங்கள். சூடான என்ஜினுக்கு மேல்தான் அந்த டியூப் போகிறது!

* வருஷத்துக்கு ஒரு முறையாவது இரண்டு டிரம்மையும் திறந்து லைனரைப் பாருங்கள். நாள்பட நின்ற வண்டியில் ஒட்டு லைனர் ஷூவை விட்டுப் பிரிந்து, சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

* புல்லட்டை வேறு ஆளிடம் கொடுக்கும்போது கவனம். பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் கியரை மிதிப்பார், வண்டி நிற்காது.

கடைசியில்...

"எவ்வளவு ஆகுங்ணா?" என்று கேட்டார் செக்கிங் மாஸ்டர்.

மெக்கானிக் கணக்குச் சொன்னார். கோன் செட், லைனர், இரண்டு டயர், டியூப், கூலி. பெயிண்டுக்குச் செலவழித்ததை விடக் குறைவு!

சாயந்தரம் சம்சாரத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அவிநாசி கோவிலுக்குப் போவதாக இருந்தது. வாலிபர் கொஞ்ச நேரம் டயரையே பார்த்தார். பிறகு சாவியை மெக்கானிக் கையில் கொடுத்தார்.

"வண்டி இருக்கட்டுங்ணா. நாங்க பஸ்ல போயிக்கிறோம்."

"போயிட்டு வாங்க தம்பி. சீல் தாள்லதான் இருக்கும். பிரேக்கு டிரம்முல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார் மெக்கானிக்.